ஆணியில்லா மரப் பொருத்து

ஆணியில்லா மரப் பொருத்து என்பது இரும்பின் துணையின்றி மரத்தை மரத்தாலேயே பூட்டி, வீடும் அரண்மனையும் எழுப்பிய மலாய்த் தச்சு முறை. இம்முறைக்குத் தலைசிறந்த சான்றான ஸ்ரீ மெனாந்தி அரண்மனை மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இருக்கிறது. அம்மாநில ஆட்சியாளர் துவாங்கு முகமதுக்காக காஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள் வடிவமைத்த நான்கு மாடிக் கட்டடம்; 1902இல் தொடங்கி 1908இல் முடிந்தது. தூண்கள் 99. இரும்பாணி ஒன்றுகூட இல்லை. 1931 வரை அரச குடும்பம் இதில் வாழ்ந்தது.

தூணில் துளை போட்டு, விட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை அதில் நுழைப்பார்கள். பிறகு இரண்டையும் குறுக்கே துளைத்து, ‘பாசாக்’ எனப்படும் மரமுளையை அடிப்பார்கள். சில வீடுகளில் விட்டம் தூணை ஊடுருவி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே இடுக்கில் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். மரம் காய்ந்து பிடி தளர்ந்தால், ஆப்பை மேலும் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

பாரம் முளையின் மேல் விழுவதில்லை. விட்டம் துளையின் அடிவிளிம்பில் உட்கார்ந்து பாரத்தைத் தூணுக்குக் கொடுக்கிறது. கழுந்து நழுவாமல் பிடிப்பதே முளையின் வேலை. காற்றடிக்கும்போது பொருத்து சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் சட்டம் முறிவதில்லை. இழுவிசைதான் இதன் பலவீனம்: முளைக்கும் கழுந்தின் நுனிக்கும் இடைப்பட்ட மரம் நார்வாக்கில் பிளந்துவிடும். துளையைப் பெரிதாக்கினால் தூண் நலியும், சிறிதாக்கினால் கழுந்து ஒடியும். கழுந்தின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பல நாட்டுத் தச்சர்களும் கைக்கொண்ட கணக்கு. ஆணி இல்லாததை அதிசயமாகப் பேசுவோர் இந்தக் கணக்கைத்தான் முதலில் போற்ற வேண்டும்.

ஸ்ரீ மெனாந்தியின் தூண்கள் செங்கால் மரம். இரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகவும் போட்ட மரம் இது. கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை. துளையிடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லையேல் மரம் வெடிக்கும். ஈரக்காற்றில் இரும்பு துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மரமுளையோ மரத்தோடு சேர்ந்தே ஊதிச் சுருங்கும்.

மலாக்கா நகரில் 1986இல் திறக்கப்பட்ட சுல்தானிய அரண்மனை அருங்காட்சியகமும் இவ்வாறே மரமுளைகளால் பூட்டப்பட்டது. 15ஆம் நூற்றாண்டுச் சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையை மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ வருணித்தபடி எழுப்பிய மறுவடிவம் அது.

இக்கட்டடங்களுக்கு முதல் எதிரி கூரை ஒழுக்கு. துளைக்குள் இறங்கும் நீர் காய வழியில்லாமல் தங்க, வெளியே உறுதியாகத் தெரியும் தூண் உள்ளே உளுத்துப்போகும். ஆகவே தூணைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். பழுது தெரிந்தால் முளையைக் கழற்றி, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இனத்து மரத்தை ஒட்டுப்போட்டு மறுபடி பூட்டலாம்.