எலுமிச்சம்பழம் என்ன விலை? செங்கல்பட்டு ஜில்லாவும் கிறிஸ்துமஸ் தட்டும்

டிசம்பர் வந்தால் போதும், கிறிஸ்துமஸ் பரிசுக்கு ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒரு கணக்கு கிளம்பிவிடும். 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதை வேறு மாதிரி போட்டுப் பார்த்தார். வந்த பரிசின் கடை விலை என்ன, அதையே உன் கைக்காசு போட்டு வாங்கினால் எவ்வளவு கொடுப்பாய் என்று மாணவர்களிடம் கேட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று தெரிந்தது. அவர் கணக்குப்படி ரொக்கமாகக் கொடுத்தால் நஷ்டமே இல்லை. மொய் நோட்டு எழுதுகிற நமக்கு இது புதுசா என்ன?

ஆனால் செங்கல்பட்டின் பழைய சரித்திரத்தைப் படித்தால் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இங்கே பெரிய பரிசெல்லாம் அதிகாரம் இருக்கிற பக்கமாகப் போனவை.

இந்த ஜில்லாவே ஒரு பரிசுதான். 1763-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா சென்னையைச் சுற்றியிருந்த நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தனக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறு. ரொம்ப நாள் இந்தப் பகுதிக்குக் கம்பெனிக் கடிதங்களில் 'ஜாகீர்' என்றுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், கொடுத்த நவாபே அதைக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வைத்திருந்தார். கம்பெனி ஆட்களிடம் அவர் வாங்கிய கடன் வளர்ந்த கதை தனி. 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்துமளவுக்கு அது போனது.

அதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள் இதில் இன்னும் வெளிப்படை. அவர்களுடைய கம்பெனிக் கணக்கில் ஆட்சியாளர்களுக்குத் தரும் அன்பளிப்புக்கென்றே ஒரு செலவுத் தலைப்பு இருந்தது. துணி வாங்க வந்த இடத்தில் அன்பளிப்பும் கொள்முதல் செலவில் சேர்ந்ததுதான்.

இங்கிலாந்து 1773-இல் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் இந்தியர்களிடம் பரிசு வாங்கக் கூடாது, வாங்கினால் அதன் மதிப்பைப் போல இரண்டு மடங்கு அபராதம். பண முடிப்புக்குக் கதவு சாத்தியாச்சு. திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்ததுதான் 'டாலி'.

டாலி என்றால் பூ, பழம், இனிப்பு அடுக்கிய தட்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இதற்குத் தனிப் பதிவே உண்டு. இவர்களில் பர்னல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த சிவிலியன். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் மறுநாள் எஜமானர்கள் வேலைக்காரர்களுக்குக் காசு கொடுப்பது வழக்கம். இங்கே அது தலைகீழ். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி முதல் தேதிக்கும் துரை வீட்டு வாசலுக்குத் தட்டுகள் வந்தன. சென்னைப் பக்கத்தில் மாலையும் எலுமிச்சம்பழமும் முக்கியம். பட்லரும் டவாலியும் பழம் கொடுத்து இனாம் வாங்கிப் போனார்கள். வசதிப்பட்டவர்களின் தட்டில் பழத்தோடு சீசாக்களும் வந்தன.

பிரிட்டிஷ் அரசின் ஊழியர் நடத்தை விதிகளும் இந்த ஜன்னலைச் சாத்தவில்லை. பூ, பழம் போன்ற அற்ப மதிப்புள்ளவற்றை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முடிந்தவரை அந்த வழக்கத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டும் என்றன.

அற்ப மதிப்பு யாருக்கு? கருங்குழியிலோ, பிறகு சைதாப்பேட்டையிலோ கச்சேரி வைத்திருந்த கலெக்டருக்கு ஒரு தட்டுப் பழம் ஒன்றுமே இல்லை. கொண்டுவருகிறவர் கணக்கு வேறு. பக்கத்துக்காரர் கொண்டுபோகிறார், நாம் மட்டும் சும்மா போனால் துரை என்ன நினைப்பார்? விலையைத் தீர்மானித்தது இந்தப் பயம். தாசில்தார் தட்டு கொண்டுபோனால் அவருக்குக் கீழே கர்ணம், மணியக்காரர், அவர்களுக்கும் கீழே குடியானவன் என்று ஒரு வரிசை இருக்கிறது. செலவு அதில் எந்தப் படியில் போய் நின்றது என்பதைப் பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வால்ட்ஃபோகலின் கேள்வியை அந்தத் துரையிடம் கேட்டிருந்தால், பத்து எலுமிச்சம்பழத்துக்குக் காலணாகூடத் தந்திருக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். வீட்டில் ஏற்கெனவே கூடை கூடையாகக் கிடக்கிறதே! பொருளாதாரப்படி முழு நஷ்டம். ஆனால் கொடுத்தவர் அதை நஷ்டமாக நினைக்கவில்லை. அவர் வாங்கியது துரையின் முகத்தில் ஒரு அடையாளம், 'இவனும் வந்தான்' என்று. பொருளாதாரம் நல்ல பரிசு என்று சொல்லும் ரொக்கத்தைத்தான் சட்டம் முதலில் தடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இன்றைய கலெக்டர்களுக்கு 1968-ஆம் ஆண்டு அகில இந்தியப் பணி நடத்தை விதிகள். 2015 திருத்தத்தில், அரசின் அனுமதியில்லாமல் 5,000 ரூபாய்க்கு மேல் பரிசு ஏற்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். சாதாரணச் சாப்பாடு, வண்டியில் ஒரு லிஃப்ட் இதெல்லாம் பரிசில் சேராது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக விதிகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பொருள் என்ன விலை?

கொடுக்கிறவர் பக்கம் நின்று கேட்க இன்னொரு கேள்வி இருக்கிறது. 'வேண்டாம்பா, எடுத்துட்டுப் போ' என்று திருப்பித் தந்தால் அவருக்கு வருத்தம் வருமா, பயம் வருமா? வருத்தம் என்றால் அது கிறிஸ்துமஸ் பரிசு. பயம் என்றால், எலுமிச்சம்பழமாகவே இருந்தாலும் அது ஜாகீர் வகையைச் சேர்ந்தது.