விளக்குக் கரியில் விளைந்த எழில்

இஸ்தன்பூலில் 1557ஆம் ஆண்டு நிறைவெய்திய சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகைக்கரி தனியறை ஒன்றில் திரண்டு எழுதும் மையாயிற்று. இருளகற்றிய விளக்கே எழுத்துக்கு மையும் ஈந்தது! நாணற் பேனாவை அத்தகு மையில் தோய்த்து, காரியத்தை எளிதாக்கித் தருமாறு இறைஞ்சும் துஆவையே மாணவர் முதற்பாடமாக எழுதினர். ஆசான் திருத்திய வரியை வீட்டில் விளக்கடியில் அமர்ந்து மீண்டும் மீண்டும் எழுதிப் பழகுவர்.

1928 நவம்பரில், இலையுதிர் காலத்தில், துருக்கி அரசு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியது. அழகெழுத்துக் கலைஞர் பலரின் பிழைப்பு அற்றது. எனினும் ஹாமித் ஆய்தாச் 1982இல் மறையுமுன் பல மாணாக்கருக்கு இக்கலையைக் கற்பித்துச் சென்றார். 2021இல் யுனெஸ்கோ இதனை மானுடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

சட்டம் அச்சகத்தை மாற்றலாம். எழுதும் கை கண்ட இன்பத்தை மாற்ற வல்லதோ?