சேவைக் கணக்கு (கிளவுட் தரவுத்தளம்)

மனிதருக்காக அல்லாமல் ஒரு நிரலுக்காகத் தரவுத்தளத்தில் திறக்கப்படும் பயனர் கணக்கே சேவைக் கணக்கு. காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் சேலை இருப்பையும் விற்பனையையும் கிளவுட் தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பில் போடும் மென்பொருள், இரவில் அறிக்கை எடுக்கும் நிரல், இணையக் கடை ஆகிய மூன்றும் உள்ளே நுழையத் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அலுவலகத்துக்கே தெரியும். நிரலைக் கைவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அதன் கணக்கு கேட்பாரற்றுத் திறந்தே கிடக்கும். அதனால்தான் சேவைக் கணக்கைத் திறப்பதைவிட அதை மூடும் ஏற்பாடு முக்கியமாகிறது.

தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் மொழியில் இதற்கான கட்டளைகள் சிலவே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'கிரியேட் ரோல்' கணக்கைத் திறக்கும், 'கிராண்ட்' உரிமை தரும், 'ரிவோக்' அதைப் பறிக்கும், 'ஆல்டர்' மாற்றும், 'டிராப்' நீக்கும். அறிக்கை நிரலுக்கு விற்பனை அட்டவணையைப் படிக்கும் 'செலக்ட்' உரிமை மட்டும் போதும். விலையைத் திருத்தும் 'அப்டேட்' உரிமை அதன் கைக்குப் போகவே கூடாது. சிக்கல் முடிவில்தான் வருகிறது. 'வேலிட் அன்டில்' என்று தேதி குறித்தால் கணக்கே அன்றோடு முடியும் எனப் பலர் நம்புகிறார்கள். காலாவதியாவது கடவுச்சொல் மட்டுமே. கணக்கின் பெயரில் அட்டவணைகள் இருந்தால் 'டிராப்' மறுக்கப்படும். முதலில் 'ரீஅசைன் ஓன்ட்' மூலம் அவற்றை வேறு கணக்குக்கு மாற்றி, 'டிராப் ஓன்ட்' மூலம் மிச்ச உரிமைகளைக் களைந்த பிறகே நீக்க முடியும்.

பொறுப்பைத் தரும்போதே அது முடியும் விதத்தையும் எழுதிவைப்பது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரியம் என்ற ஊர்ச் சபைக் குழுவின் உறுப்பினர் தேர்வுக்கு விதி சொல்கின்றன. பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். கணக்கெழுதுபவர் தாம் எழுதியதைத் தாமே ஒப்படைக்க வேண்டும். இன்னொருவர் புகுந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. முதல் ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் பட்டுச் சங்கத்துக்கும் இது பொருந்தும்: மூன்று நிரல்களுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துவிட்டால், தவறு நடந்த அன்று எந்த நிரல் செய்தது என்று பதிவேட்டில் பிரித்தறிய வழியில்லை. கணக்கெழுதுபவருக்கான விதி தடுக்க நினைத்ததும் இதே குழப்பத்தைத்தான்.

நிரலுக்குக் காலக்கெடு வைத்தால் நள்ளிரவில் பில் நின்றுபோகும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் ஸ்னோஃபிளேக் போன்ற தரவுத்தளங்கள் ஒரு கணக்குக்கு கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரே சமயத்தில் இரண்டு பொதுச் சாவிகளை ஏற்கின்றன. புதியதைச் சேர்த்து, நிரலை அதற்கு மாற்றி, பிறகு பழையதை எடுத்துவிடலாம். திரையில் பொத்தானை அழுத்தினால் போதாதா என்றும் கேட்பார்கள். ஒரு கணக்குக்குப் போதும். ஐம்பது கணக்கானால், யார் எதை எப்போது கொடுத்தார் என்பதைக் கோப்பில் இருக்கும் கட்டளைகளே சொல்லும். வலுவான ஆட்சேபம் வேறொன்று: கட்டளையில் எழுதும் கடவுச்சொல் சர்வரின் பதிவுக் கோப்பில் அப்படியே தங்கிவிடலாம். இதை மறுக்க முடியாது. சேவைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், சாவி போதும் என்பதே இதற்குப் பதில். ஸ்னோஃபிளேக்கில் 'சர்வீஸ்' வகையாகத் திறக்கும் கணக்கு கடவுச்சொல்லால் நுழையவே முடியாது.

2024இல் ஸ்னோஃபிளேக் வாடிக்கையாளர்களின் தரவு திருடுபோனபோது, ஏறத்தாழ 165 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என விசாரித்த மேண்டியண்ட் நிறுவனம் தெரிவித்தது. திருடர்கள் தளத்தை உடைக்கவில்லை. ஏற்கெனவே களவுபோயிருந்த கடவுச்சொற்களைக் கொண்டு நுழைந்தார்கள். அவற்றில் மிகப் பழையது 2020 நவம்பரில் களவுபோனது. இடையில் ஒரே ஒரு 'ஆல்டர்' கட்டளை போட்டிருந்தால் அது செல்லாமல் போயிருக்கும்.