எல்லையோரத்தில் நோயாளியை அறிதல்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரப் பொதுநலப் பணியின் வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊர்மொழி எது என்று கேட்டால் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும், 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. இரண்டும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. இவ்வட்டாரப் பகுதிகள் 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004-இல் புதிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போயின. மாவட்டப் பெயர் மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து ஒலிக்கின்றன. கிருஷ்ணகிரி நகரத்தில் உருது பேசும் தெருக்கள் உண்டு. அஞ்செட்டி மலைப்பகுதியில் இருளர் குடியிருப்புகள் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் மருத்துவப் பணியாளர்கள் நோயாளியின் பேச்சையும் வழக்கத்தையும் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? அதற்குக் காரணம் பாடத்திட்டத்தைவிட ஆளெடுப்பு முறைதான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கதை வற்புறுத்தலில் தொடங்குகிறது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அதே ஆண்டு புனேயில் வீடு புகுந்து சோதித்த பிளேக் நடவடிக்கைகள் மக்களைக் கொதிக்க வைத்தன. பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 1898 ஆகஸ்டில் பிளேக் ஓசூரை அடுத்த பெங்களூரை எட்டியது. சென்னை மாகாண அரசு, நோய்ப் பகுதிகளிலிருந்து வருபவர்களைச் சோதித்து அனுமதிச் சீட்டு கொடுத்துக் கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பெண்களை அந்நிய ஆண் தொட்டுச் சோதிப்பது, பிணத்தை உறவினரிடம் தராமல் வைத்திருப்பது, வீட்டுச் சாமான்களை எரிப்பது ஆகியவற்றால் மக்களுக்கு எவ்வளவு அவமானம் நேரும் என்பதை அன்றைய நிர்வாகம் போதுமான அளவு கணக்கில் கொள்ளவில்லை. மக்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் நோயை எதிர்கொண்டார்கள். கோவையிலும் பெங்களூரிலும் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அதற்குச் சாட்சி.

விடுதலைக்குப் பின் 1946-இன் போர் (Bhore) குழு அறிக்கையை ஒட்டி ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. கட்டடம் ஊருக்கு வந்தது. உள்ளே இருந்த மருத்துவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். 1973-இல் கர்த்தார் சிங் குழு பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. அந்த வழியில் உருவான கிராம சுகாதார செவிலியர் துணை சுகாதார நிலையத்தில் அமர்ந்தபோதுதான் நிலை மாறத் தொடங்கியது.

ஏறத்தாழ இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில், நோயாளியின் பண்பாட்டை அறிந்து பணி செய்வது கோட்பாடாக வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர் பண்பாடு கடந்த செவிலியர் பணி என்ற துறையை வகுத்தார். ஆர்தர் கிளைன்மனும் அவர் தோழர்களும் 1978-இல் ஒரு யோசனை சொன்னார்கள்: தன் நோய் எதனால் வந்தது, எது தன்னை அச்சுறுத்துகிறது என்று நோயாளி நினைப்பதை மருத்துவர் கேட்டறிய வேண்டும். 1998-இல் டெர்வலோனும் மர்ரே-கார்சியாவும் அடுத்தவர் பண்பாட்டை முழுதாகக் கற்றுவிட்டோம் என்ற எண்ணமே தவறு, பணிவோடு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். இவற்றில் எதையும் படிக்காமலே நம் கிராமச் செவிலியர்கள் பாதியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அம்மை போட்ட வீட்டைப் பார்ப்போம். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். தண்ணீர் ஊற்றும் நாள்வரை ஊசி மருந்து வேண்டாம் என்று பாட்டி சொல்வார். அனுபவமுள்ள செவிலியர் அங்கே வாதம் செய்யமாட்டார். பிள்ளை மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா, இளநீரும் கூழும் இறங்குகிறதா என்று பார்ப்பார். எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் ஆளனுப்ப வேண்டும் என்று பாட்டியிடமே ஒப்படைப்பார். சர்க்கரை நோய்க்கான உணவு அறிவுரையும் அப்படித்தான். அச்சிட்ட அட்டையில் இட்லி எத்தனை, சப்பாத்தி எத்தனை என்று இருக்கும். இங்கே பல வீடுகளில் பகல் சாப்பாடு கேழ்வரகுக் களி. களி உருண்டை எவ்வளவு பெரியது, கூடவே கீரையா கொள்ளுச் சாறா என்று கேட்டால்தான் அந்த அறிவுரை வேலை செய்யும்.

எல்லையோரத்துக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. ஓசூர்ப் பக்கத்துக்கும் கர்நாடகத்தின் ஆனேக்கல், மாலூர்ப் பக்கத்துக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பழைய வழக்கம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது இரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் பதிவான கர்ப்பிணி ஏழாம் மாதத்தில் எல்லை தாண்டினால், அவர் கையிலுள்ள தமிழ் அட்டையைக் கர்நாடகத்துச் செவிலியர் படிக்க வேண்டும். அங்கே தரும் தாயி அட்டையோ கன்னடத்தில் இருக்கும். இரத்தசோகை அளவு, தடுப்பூசித் தேதி, முந்தைய கருச்சிதைவு எல்லாம் இந்த இடைவெளியில்தான் தொலைகின்றன. இரு மொழியும் தெரிந்த செவிலியர் இருக்கும் இடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் இது தீரும்.

உள்ளூர் ஆளைப் பணிக்கு எடுப்பதன் பலனுக்குப் பழைய தருமபுரி மாவட்டத்திலேயே மிகத் தெளிவான சான்று இருக்கிறது. 1993 வாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் பழங்குடி நலப் பணியைத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். ஆயிரம் பிறப்புக்கு 147 ஆக இருந்த சிசு இறப்பு பின்னாளில் இருபதை ஒட்டிக் குறைந்தது. வெளியிலிருந்து செவிலியரை அழைத்துவந்து மலைவாழ் மக்களின் பண்பாடு பற்றி வகுப்பு எடுத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அரசும் படிப்படியாகக் கற்றது. 2004-இல் பிரசவ அறையில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி வந்தது. மலைப்பகுதி நிலையங்களில் பேறுகாலத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் வந்தன. சமுதாய வளைகாப்பு அரசு நிகழ்ச்சியானது. வீட்டில் நடக்கும் சடங்கை அரசு தன் நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டது சின்ன விஷயமல்ல. 1898-இன் சோதனைச் சாவடியிலிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம். 2019-இல் மருத்துவப் படிப்பில் அணுகுமுறை, அறம், தொடர்பாடல் ஆகியவை பாடமாயின. அடித்தளப் பயிற்சியில் வட்டாரமொழியும் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெண் தன்னார்வலர்கள். மீண்டும் அதே வழி: உள்ளூர் ஆளைப் பணிக்கு எடுப்பது.

இந்த வழி எங்கே நின்றுபோகிறது என்பதைத் தொழிற்பேட்டைகள் காட்டுகின்றன. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளரின் உரிமையானது. அன்றைய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்தே வந்ததால் மொழிச்சிக்கல் கையாளக்கூடியதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே கைபேசி ஆலையில் வேலை செய்ய ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார். ஜார்க்கண்டில் சந்தாலி, முண்டாரி, குடுக் பேசும் சமூகங்கள் வாழ்கின்றன. அங்கிருந்து வரும் பெண்களுக்கு இந்தி பொதுமொழி. நம் செவிலியருக்கோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் தெரிந்தும் அது வராது.

விடுதியில் இருக்கும் இருபது வயதுப் பெண் மாதவிடாய்க் கோளாற்றைச் சொல்ல வேண்டும். உடன் வருபவர் மேற்பார்வையாளர். இந்தி தெரிந்தவர் அவர் ஒருவரே. அவள் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லித் திரும்புவாள். எங்கிருந்து வந்தவர் என்று கேட்காவிட்டால் மருத்துவத் தவறும் நேரும். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பழங்குடிகளிடையே அரிவாள் அணு இரத்தசோகை பரவலாக உள்ளது. அதற்கென 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கமே தொடங்கப்பட்டது. மூட்டுவலியும் இரத்தசோகையுமாக வருபவருக்கு இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதாது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்வந்தபின் காய்ச்சல் என்றால் மலேரியாப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

தீர்வுகள் புதியவை அல்ல. ஆஸ்திரேலியா 1973-இலேயே தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் புலம்பெயர்ந்தோரிலிருந்தே இணைப்புப் பணியாளர்களை எடுத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அதன் மாணவர்கள் படிப்பின் பகுதியாகத் தத்தெடுக்கும் குடும்பங்களில் தொழிலாளர் விடுதிகளும் வாடகை அறைகளும் இடம்பெற வேண்டும். 104 மருத்துவ உதவி எண்ணில் இந்தியும் ஒடியாவும் பேசுபவர் இருக்க வேண்டும். தாய் சேய் அட்டையை இரு மாநிலமும் படிக்கும்படி அச்சிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாமனப்பள்ளியில் ஊர்ப் பெண்ணைத் தன்னார்வலராக்கிய அரசு, ஓசூர் விடுதிகளில் வசிக்கும் ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்களிலிருந்தும் தன்னார்வலர்களை ஊதியத்தோடு நியமிக்க வேண்டும். இந்த நிதியாண்டிலேயே அதைத் தொடங்க முடியும்.