திருப்திக்கு ஓர் அளவுகோல்

சென்ற வருஷம் ஒரு கல்லூரி விழாவில் பேசுவதற்காகப் போயிருந்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் நூலகர் நல்ல மனிதர். அவர் மனம் நோகக் கூடாது.

கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. நூலகர் என்னைத் தம்முடைய ராஜ்யத்துக்கு அழைத்துச் சென்று, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து, ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"மாணவர்களுடைய திருப்தியை அளந்திருக்கிறோம், சார்" என்றார்.

பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, சுமார், அதிருப்தி, மிகவும் அதிருப்தி. புரட்டிப் பார்த்தேன். அநேகமாக எல்லாரும் இரண்டாவது கட்டத்திலேயே டிக் அடித்திருந்தார்கள். அவருக்குப் பெருமை, எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கதையில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே பதிலைச் சொன்னால், எங்கேயோ பொய் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிடும்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் ஒரு முனை அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓடும் ரயில் பாதையிலேயே இருக்கிறது.

எழும்பூரிலிருந்து சீர்காழிக்குப் போகிற ரயில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தாண்டித்தான் போக வேண்டும். சீர்காழியில் 1892-ம் வருஷம் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இந்த வழியாக எத்தனையோ தடவை போய் வந்திருப்பார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே அலுத்துப் போயிற்று. வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று மன்றாடினார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். போனார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்தபோது வகுப்பறை ஆசை இருந்த இடம் தெரியவில்லை.

அந்தக் காலத்து நூலகங்கள் பலவற்றில் வாசகன் அலமாரியை நெருங்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சிப்பந்தி உள்ளே போய்த் தேடுவான். "இல்லை" என்று வந்து சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ரங்கநாதன் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்து விட்டார். விடுமுறை நாட்களிலும் நூலகம் திறந்திருக்கும்படி செய்தார்.

1928 டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில், நூலகத்துக்கான ஐந்து விதிகளை அவர் எடுத்துரைத்தார். 1931-ல் அவை புத்தகமாக வெளிவந்தன. பெட்டியில் பூட்டுகிற நகையைப் போல் புத்தகத்தை வைக்காமல், அடுப்படிப் பாத்திரத்தைப் போல் புழங்க விட வேண்டும். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் சேர வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் சேர வேண்டும். வாசகனுடைய பொழுது வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற ஜீவன். ஐந்து விதிகளின் சாரம் இவ்வளவுதான்.

இந்த ஐந்தில் ஒன்றிலாவது "திருப்தி" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகம் கிடைத்ததா, எத்தனை நாழிகை ஆயிற்று என்பதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மனசுக்குள் எட்டிப் பார்க்கும் வித்தை பிற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. அதிலும் சென்னைக்குச் சம்பந்தம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஏ. பரசுராமன் என்பவர், ஜைதாமல், பெரி என்ற இரு பேராசிரியர்களோடு சேர்ந்து 1988-ல் "செர்வ்குவால்" என்ற அளவுகோலை வெளியிட்டார். பாங்கு, டெலிபோன், ரிப்பேர் வேலை போன்ற சேவைகளை அளப்பதற்காக ஏற்பட்டது அது. வாடிக்கைக்காரர் எதிர்பார்ப்பது என்ன, அவருக்குக் கிடைப்பது என்ன என்று இரண்டையும் கேள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் சேவையின் தரம். இதுதான் அதன் சூட்சுமம்.

2000-ம் வருஷம் அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கமும் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக் கழகமும் சேர்ந்து இந்த யுக்தியை நூலகத்துக்குக் கொண்டு வந்தன. "லிப்குவால்" என்று பெயர் வைத்தார்கள். 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வாசகர் ஒன்று முதல் ஒன்பது வரை மூன்று தடவை மார்க்குப் போட வேண்டும்: குறைந்த பட்சம் எவ்வளவு இருந்தால் பொறுத்துக்கொள்வீர், எவ்வளவு இருந்தால் மகிழ்வீர், இங்கே எவ்வளவு இருக்கிறது?

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஐந்து கட்டத்தில் டிக் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவன் அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்.

"நூலகம் எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார். புது புக்கெல்லாம் வீட்டுக்குத் தர மாட்டாங்க. கண்ணாடி பீரோவுல வச்சிருப்பாங்க. லைப்ரரின்னா அப்படித்தானே சார்?"

அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். வேறு நூலகத்தை அவன் பார்த்ததில்லை. எதிர்பார்ப்பு சின்னது, கிடைத்ததும் சின்னது, இடைவெளியே இல்லை. அளவுகோல் பூரண திருப்தி என்று காட்டும். பசியே தெரியாதபடி வளர்ந்த குழந்தை அரைவயிற்றுக்கே போதும் என்று சொல்லிவிடும்.

விழா முடிந்தது. மரத்தடியில் பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"அந்தப் பாரம் உள்ள வந்தவங்களுக்குக் குடுத்தது சார். ரெண்டு வருஷத்துல நான் உள்ள போனதே இல்ல."

"ஏனம்மா?"

"காலேஜ் விடறதும் எங்க ஊர் டவுன் பஸ் வர்றதும் ஒரே நேரம். அந்த பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அதை விட்டா இருட்டினப்புறம்தான். மத்தியானம் போகலாம்னா லைப்ரரியும் சாப்பிடப் போயிடுது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டுக் காகிதத்தில் இவள் எந்தக் கட்டத்திலும் இல்லை. அதிருப்தி அடைவதற்குக்கூட உள்ளே நுழைய வேண்டும் அல்லவா?

சரித்திரம் ஒரு வட்டம் போட்டு வந்திருக்கிறது. ரங்கநாதன் விதிகளைச் சொன்ன மீனாட்சி கல்லூரி, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்கு மூலமாயிற்று. 2021-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தனிப் பல்கலைக் கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே வருஷத்தில் அதை அண்ணாமலையோடு இணைக்கவும் சட்டம் வந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் 1960-களின் கடைசியில் தோன்றிய அரசு கலைக் கல்லூரிகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் குடைக்கீழ் இருக்கின்றன. விதிகள் பிறந்த வீட்டுக்கே உறவாகிவிட்டோம். ஆனால் வாசகனின் பொழுதைக் காக்கும் நான்காவது விதி, அந்தப் பெண்ணின் பஸ் நேரத்தை எட்டவில்லை.

கிளம்புமுன் நூலகரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ன கேள்வி சேர்க்கலாம், சார்?" என்றார்.

"ஒன்று போதும். கடைசியாக எந்தப் புத்தகத்தைத் தேடி வெறுங்கையோடு திரும்பினாய் என்று கேளுங்கள். பாரத்தை இங்கே வைத்துக் கொடுக்காதீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் கொடுங்கள்."

"மத்தியானம் பூட்டாமல் இருக்கலாம். பிரின்ஸிபாலைக் கேட்க வேண்டும்" என்று அவர் முணுமுணுத்தார்.

கேட்டாரா, அனுமதி கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருந்தால் அந்த வருஷத்துப் பாரங்களில் திருப்தி சற்றுக் குறைந்துதான் போயிருக்கும். உள்ளே வந்து பார்த்தவர்களுக்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும். அப்படிக் குறைந்தால் நூலகர் கவலைப்பட வேண்டியதில்லை.