காணிக்காரரும் ஆரோக்கியப்பச்சையும்

ஆரோக்கியப்பச்சை அகத்தியமலைக் காட்டு நிழலில் தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி. அதன் பயனை வெளியுலகம் அறிந்தது காணிப் பழங்குடியினரால்தான். 1987 டிசம்பரில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான குழு கேரளப் பக்கத்து மலையில் ஆய்வுக்குச் சென்றது. ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளான காணிக்காரர்களோ ஏதோ காயை மென்றபடி சளைக்காமல் ஏறினார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை, வெளியாருக்குச் சொல்லக்கூடாத சங்கதி அது. வற்புறுத்தி, தவறாகப் பயன்படுத்த மாட்டோமென்று உறுதியளித்த பிறகே செடியைக் காட்டினார்கள்.

களைப்பைப் போக்கும் தன்மை ஆய்வகத்தில் உறுதியானது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம், இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய் கட்டணமும் விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகையும் தர ஒப்புக்கொண்டு தயாரிப்பு உரிமம் பெற்றது. வரும்படியில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அப்படிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் அன்று இந்தியாவில் இல்லை.

பணத்தை யார் கையில் கொடுப்பது? சிக்கல் அங்கேதான் தொடங்கியது. காணிகள் சிதறிய குடியிருப்புகளில் வாழ்பவர்கள்; ஒவ்வொன்றுக்கும் மூட்டுக்காணி எனப்படும் தனித் தலைவர். மருந்தறிவோ பிலாத்திகள் எனப்படும் வைத்தியர்களிடம் இருந்தது. வழிகாட்டிகள் சொன்னதை இனம் முழுவதும் சொன்னதாகக் கொள்ள முடியாது. பிலாத்திகள் சிலர் தங்கள் அறிவு விலைபோவதை எதிர்த்தார்கள். பங்குப் பணத்துக்கான அறக்கட்டளை பதிவானதே 1997இல்தான். முதல் தொகையாக ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் 1999இல் சேர்ந்தது. கலந்து பேசுவது முதலிலும் பங்கு பிரிப்பது பிறகும் நடந்திருக்க வேண்டும். இங்கே வரிசை தலைகீழானது.

இதற்கிடையே மூலப்பொருளுக்கும் முட்டுக்கட்டை. காணிகள் செடியைப் பயிரிட்டு இலை விற்கலாம் என்பது திட்டம். காட்டுச் செடி அழிந்துவிடும் என்று வனத்துறை தடுத்தது. அறிவுக்கு உரியவர்களாக ஏற்கப்பட்டவர்களுக்குச் செடியின் மேல் உரிமை இல்லாமல் போனது. ஒப்பந்தம் போட்டவர்கள் வனத்துறையை முதலிலேயே சேர்த்துக்கொள்ளாதது பெரிய குறை.

ஆனாலும் 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை பேசிய பயன்பகிர்வுக்கு முன்னோடி என்று உலக அரங்குகளில் இந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்காட்டினார்கள். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது. உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், அப்பகுதி உயிர்வளங்களைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது அக்குழுவைக் கலந்தாலோசிக்கவும் அது வகை செய்தது.