கடன் கேட்ட கடிதங்களின் கதை



தோட்டத்துக் கடைகளில் ஒரு காலத்தில் தவறாமல் ஓர் அட்டை தொங்கும். "கடன் அன்பை முறிக்கும்" என்று அதில் எழுதியிருக்கும். அந்த அட்டைக்குக் கீழேயே கடைக்காரர் உட்கார்ந்து பற்றுப் புத்தகத்தில் கடன் எழுதிக்கொண்டிருப்பார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் சம்பள நாள் வரை அந்தப் புத்தகத்தில்தான் ஏறும். கடன் அன்பை முறிக்கிறதோ இல்லையோ, கடனைக் கேட்கும் விதம் அன்பை முறித்துவிடும் என்பது நம்மில் பலர் கண்ட உண்மை.

என் தாயார் இரண்டு பசுக்களை வைத்து லயத்து வீடுகளுக்குப் பால் ஊற்றியவர். ஒரு வீட்டில் நான்கு மாதப் பாக்கி நின்றுவிட்டது. கேட்டால் பகை, கேட்காவிட்டால் பசுவுக்குப் புண்ணாக்கு இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கேட்டுவிட்டார். "எத்தனை புட்டி? எந்தத் தேதியில்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். எங்களிடம் எழுத்தில் எதுவுமே இல்லை. பணமும் வரவில்லை, இரு வீட்டுக்கும் பேச்சும் நின்றுபோனது. இன்று நான் சொல்லப்போகும் கதை அப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தால் பணமாவது, உறவாவது மிஞ்சியிருக்கும்.

பாக்கியைக் கேட்டுக் கடிதம் எழுதும் பழக்கம் எவ்வளவு பழையது தெரியுமா? ஏறக்குறைய 4,000 ஆண்டுகள்!

துருக்கி நாட்டில் கைசேரி என்ற நகருக்கு அருகில் குல்தெபே என்றொரு மண்மேடு இருக்கிறது. பழங்காலத்தில் அந்த ஊருக்குக் கனேஷ் என்று பெயர். 1925ஆம் ஆண்டில் பெட்ரிச் ஹ்ரோஸ்னி என்ற செக் நாட்டு அறிஞர் அங்கே தோண்டிப் பார்த்தார். 1948 முதல் தாசின் ஓஸ்குச் என்ற துருக்கிய அறிஞர் பல்லாண்டுகள் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்தவை களிமண் பலகைகள். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பலகைகளில் ஆப்பு வடிவ எழுத்துகளைக் குத்தி எழுதியிருந்தார்கள். இதுவரை 20,000க்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை வியாபாரிகளின் கடிதங்களும் கடன் சீட்டுகளும்தான். 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

அந்த வியாபாரிகளின் சொந்த ஊர், இன்றைய ஈராக்கில் உள்ள அசூர். அங்கிருந்து கனேஷுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கழுதைகளின் முதுகில் வெள்ளீயத்தையும் துணிகளையும் ஏற்றிக்கொண்டு, ஆறு வாரம் நடந்து போவார்கள். அங்கே சரக்கைக் கொடுத்து வெள்ளியும் பொன்னும் வாங்குவார்கள். குளிர்காலத்தில் மலைப்பாதையைப் பனி மூடிவிடும். ஆகவே பனிக்கு முன்பே பாக்கி வந்து சேர வேண்டும். நேரில் போய்க் கேட்க முடியாத தூரம் என்பதால் கடிதந்தான் கை, கடிதந்தான் கால்.

அவர்கள் கடன் கொடுக்கும் முறையைப் பாருங்கள். தொகை, தவணை, சாட்சிகளின் பெயர் ஆகியவற்றைப் பலகையில் எழுதுவார்கள். அதை ஒரு களிமண் உறைக்குள் வைத்து மூடி, உறையின்மேல் கடன்பட்டவர் தம் முத்திரையைப் பதிப்பார். தவணைக்குள் கட்டினால் பெரும்பாலும் வட்டி கிடையாது. தவணை தப்பினால் ஒரு மினா வெள்ளிக்கு மாதம் ஒன்றரை ஷெக்கல் வட்டி. ஒரு மினாவுக்கு 60 ஷெக்கல். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 30 ஆகிறது. கடன் தீர்ந்ததும் பலகையைக் கடன்பட்டவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'பலகை இறந்துவிட்டது' என்பது அவர்கள் வழக்கு. நம்மவர்கள் கடன் தீர்ந்ததும் புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தெறிவார்களே, அதே வழக்கந்தான்!

இந்தக் கடிதங்களை எழுதியவர்களில் பெண்களும் உண்டு. லமஸ்ஸி என்ற பெண்மணி அசூரில் இருந்தார். அவர் கணவர் பூஷுகென் கனேஷில் வியாபாரம் பார்த்தார். லமஸ்ஸியும் வீட்டுப் பெண்களும் துணி நெய்து கணவருக்கு அனுப்புவார்கள். துணி விற்ற வெள்ளி திரும்பி வரவேண்டும். அதில்தான் குடும்பம் நடக்க வேண்டும். வெள்ளி வரத் தாமதமானபோது லமஸ்ஸி கடிதம் எழுதினார். எத்தனை துணி, எவர் கையில் கொடுத்து அனுப்பினேன் என்று எண்ணிக் குறிப்பிட்டார். துணியின் அளவைப் பற்றிக் கணவர் குறை சொன்னால் அதற்கும் பதில் எழுதினார். கணவரிடம் கேட்பதாயினும் கணக்கு கணக்குத்தான். அதே கடிதங்களில் வீட்டுச் செய்தியும், ஊருக்கு வந்து போகும்படியான அழைப்பும் இருக்கும். கண்டிப்பும் அன்பும் ஒரே பலகையில் இடம்பெற்றதைக் கவனியுங்கள்.

கி.மு. 1835 அளவில் கனேஷின் வணிகர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. எரிந்த வீடுகளுக்குள் இந்தப் பலகைகள் தங்கிவிட்டன. உறை உடைபடாத கடன் சீட்டுகளும் கிடைத்திருக்கின்றன. 4,000 ஆண்டுகளாக நிற்கும் பாக்கி!

இனி நம் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் கடை வைத்தார்கள். கோலாலம்பூரில் அம்பாங் வீதியும் சிங்கப்பூரில் மார்க்கெட் வீதியும் அவர்களின் கிட்டங்கிகளுக்குப் பெயர் பெற்றவை. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு முகவரும் ஒரு பெட்டியின்முன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கை வகை வகையாக எழுதுவார்கள். ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒரு முறை முகவர் ஊருக்குத் திரும்புவார், அடுத்தவர் வருவார். கணக்கு ஏட்டில் இருந்ததால், புதியவர் வந்த அன்றே பழைய பாக்கியைக் கேட்க முடிந்தது. மனத்தில் வைத்த கணக்கு மனிதரோடு கப்பலேறிவிடும். ஏட்டில் வைத்த கணக்கு கடையிலேயே இருக்கும்.

ஆனால் பாக்கி கேட்பதிலும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. 1930களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம். 1932ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 5 காசு அளவுக்கு இறங்கியது. பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன்பட்ட விவசாயிகளால் பணம் கட்ட முடியவில்லை. கடனுக்கு நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காகிவிட்டது. அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை; பணம் வராததால் நிலம் வந்தது. ஆனால் நிலத்தை இழந்தவன் மனத்தில் பகை வளர்ந்தது. 1942இல் போர் வந்து பலரும் ஊர் திரும்ப நேர்ந்தது. 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. கடன்பட்டவன் நிமிர்ந்து நின்றால்தான் கடன் கொடுத்தவனுக்கும் பணம் வரும். இது பெரிய வணிகருக்கும் பால்காரருக்கும் பொதுவான பாடம்.

சரி, நேயர்களே, நம் வீட்டில் ஒருவர் துணி தைத்துக் கொடுக்கிறார், பலகாரம் செய்து கொடுக்கிறார், பாக்கி நிற்கிறது. எப்படி எழுதுவது? இப்படி எழுதிப் பாருங்கள்:

"அன்புள்ள அக்கா, வணக்கம். சென்ற தீபாவளிக்காக மார்ச் 3ஆம் தேதி நான்கு ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தேன்" என்று எழுதினால் தவறு. தீபாவளி எங்கே, மார்ச் எங்கே? தேதி தவறினால் கடிதமே பொய்யாகிவிடும். ஆகவே முதலில் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, "அக்டோபர் 10ஆம் தேதி நான்கு ரவிக்கைகள் கொடுத்தேன். கூலி 120 ரிங்கிட். நீங்கள் 50 ரிங்கிட் கொடுத்தீர்கள். மீதி 70 ரிங்கிட். இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும். ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு தவணையாகக் கொடுக்கலாம்" என்று எழுதுங்கள். பொருள், தேதி, வந்தது, மீதி, கெடு. இந்த ஐந்தும் போதும். திட்டும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். பிறர் படிக்கும்படி திறந்த அட்டையில் எழுதவும் வேண்டாம். பெரிய தொகையானால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்திலும் ஒரு செய்தி உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு, கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நாம் மாதந்தோறும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கெடு நீண்டுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கடன்பட்டவர் "இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோதான் காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே நம் கடிதத்தைவிட அவருடைய பதில் கடிதம் மதிப்புள்ளது. அவர் மனம் நோகாமல் எழுதினால்தான் அந்தப் பதில் வரும். அப்படியும் வராவிட்டால், 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிறு கோரிக்கைகளுக்குத் தனி வழி வகுத்துள்ளன. தனிநபர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு குறிப்பேடு வாங்க எவ்வளவு செலவாகிவிடும்? அம்மா பால் ஊற்றட்டும். பிள்ளை அன்றன்று எழுதி வைக்கட்டும். அசூர் நகரத்து லமஸ்ஸி களிமண்ணில் எண்ணி எழுதியதை நாம் காகிதத்தில் எழுதக்கூடாதா? அப்படி எழுதிய வீட்டில் வாசலில் நின்று கத்த வேண்டிய நாள் வராது.